பதில்: முட்டி வலி இருக்கற அம்மாவோட ம்யூர் வுட்ஸ் போலாமா?

சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல இருக்கற அந்தக் காட்டுக்குத் தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஊபர்ல போய் இறங்கிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க, அது மட்டும் வேண்டாம், போறப்ப ஓகே ஆனா அங்க செல்போன் சிக்னலே கிடையாது, திரும்பி வர வண்டி எப்படி புக் பண்ணுவீங்க? சொந்த கார்னா பார்க்கிங்கை முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணியே ஆகணும், 2018-லேர்ந்து இதான் ரூல், அந்த டிக்கெட்டையும் வைஃபை இருக்கப்பவே போன்ல இறக்கி வச்சுக்கோங்க.

ஓடையை ஒட்டிப் போற மெயின் பாதை சமதளம்தான், நிறைய இடத்துல பலகை போட்டிருக்கும், வீல்சேரே போகும். பெரிய மரங்களா நிக்கற கதீட்ரல் குரோவ்ங்கற இடம் வரைக்கும் மெதுவா நடந்து போய் அண்ணாந்து பாருங்க, அந்தக் காட்டுல 250 அடி தாண்டின ரெட்வுட் மரம்கூட உண்டு, சில மரத்துல அடிப்பட்டை கருகிக் கிடக்கும், மரம் என்னவோ ஜம்முனு நிக்கும். ஹில்சைடு டிரெயில் பக்கம் போகாதீங்க, ஏத்தம். அப்புறம், ஜூலைதானேன்னு வெறும் காட்டன் சேலையோட கூட்டிட்டுப் போயிடாதீங்க, குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம்.