கைக்கெட்டும் தூரத்தில் பாடியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு ஆண்டுகளாக நான் விடாமல் கேட்டுவரும் ஒரு சிறிய இண்டி இசைக்குழு, தனது புதிய எல்பி இசைத்தட்டு வெளியான வாரத்தில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வாசிக்கப்போவதாக அறிந்து, இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் முதல் வரிசையில் நின்றேன். அரை மணி நேரத்தில் ஏழு பாட்டுகளோடு முடிந்துவிட்டது. டிரம்ஸ் வாசிப்பவர் ஒரே ஒரு டிரம்மும் ஒரு சிம்பலும் மட்டும் வைத்திருந்தார். பாடகியின் குரல் நான் அறிந்ததைவிட மெலிந்து, கிட்டாருக்குள் அமுங்கிக் கேட்டது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டின் இரண்டாம் சரணத்தை மறந்து, நிறுத்தி, மறுபடி தொடங்கினார். பிறகு தட்டின் உறையில் கையெழுத்து வாங்கும்போது, எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தும் "நன்றி" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. வீடு திரும்பியதிலிருந்து அந்தத் தட்டைப் போட மனம் வரவில்லை. நேசிக்கும் கலைஞர்களை இவ்வளவு கிட்டத்தில் பார்க்காமலே இருந்திருக்கலாமோ?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆறு ஆண்டுகள் ஒரு குரலோடு வாழ்ந்தவருக்கு அந்தக் குரல் வேறாகக் கேட்பது சிறிய விஷயம் அல்ல. ஆயினும் நீங்கள் போனது நல்லதே என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் குரலைப் பற்றி. தட்டில் நீங்கள் கேட்டுப் பழகியது பெரும்பாலும் ஒற்றைக் குரலாக இருந்திருக்காது. ஒரே வரியைப் பாடகர் இரண்டு முறை பாட, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் குரலுக்குக் கனம் கூட்டுவது ஒலிப்பதிவுக்கூடங்களின் நெடுநாள் வழக்கம். இரண்டாம் முறை பாடுவதில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னனுக்கு இருந்த சலிப்பைப் போக்கவே, 1966இல் லண்டனின் அபே ரோடு கூடத்தின் பொறியாளர் கென் டவுன்சென்ட் ஒலிநாடாக்களைக் கொண்டு அந்த இரட்டிப்பைத் தானாக உண்டாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். முணுமுணுப்பையும் உரத்த குரலையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவரும் கம்ப்ரஷனும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. கடையில் உங்கள் முன் நின்றவரிடம் இருந்ததோ ஒரு தொண்டையும் ஒரு மைக்கும் மட்டுமே.

முதல் வரிசையில் நின்றதும் ஒரு காரணம். சிறிய இடங்களில் பெரும்பாலும் குரல் மட்டுமே ஸ்பீக்கர் வழியாக வரும். டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் நேராகவே காதில் விழும். அந்த ஸ்பீக்கர்கள் குழுவின் இருபக்கமும், பின்னால் நிற்கும் கூட்டத்தை நோக்கி வைக்கப்படுவதால், குழுவுக்கு மிக அருகில் நடுவில் நிற்பவருக்குத்தான் குரல் எல்லோரையும்விடக் குறைவாகக் கேட்கும். நான்கு வரிசை தள்ளி நின்றவர் நீங்கள் கேட்காத சொற்களைக் கேட்டிருப்பார். டிரம்ஸைக் குறைத்துக்கொண்டதும் அந்தக் குரலைக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறேன்: தாழ்ந்த கூரையின் கீழ் முழு டிரம்ஸையும் வைத்து வாசித்தால் சிம்பலின் ஓசை பாடகியின் மைக்குக்குள்ளேயே புகுந்துவிடும், மைக்கின் அளவை ஏற்றினால் ஸ்பீக்கர் ஊளையிடும்.

கடையில் வாசிப்பதைத் தட்டு விற்கும் ஏற்பாடு என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. உங்கள் கடிதத்தில் அந்த எண்ணம் இல்லாதது எனக்கு மகிழ்ச்சி. பெரிய நிறுவனங்களைச் சாராமல் தட்டு வெளியிடுவதிலிருந்து பிறந்த சொல்தான் இண்டி. அவ்விசை வளர்ந்த இடங்களில் இசைத்தட்டுக் கடையும் ஒன்று. 1976இல் ஜெஃப் டிராவிஸ் மேற்கு லண்டனில் தொடங்கிய ரஃப் டிரேட் என்ற கடை, பெரிய நிறுவனங்கள் சீண்டாத குழுக்களின் தட்டுகளை விற்று, 1978இல் தானே தட்டு வெளியிடும் ஒரு லேபிளாகி, பின்னாளில் த ஸ்மித்ஸ் என்ற ராக் குழுவை உலகுக்குக் கொடுத்தது. ஆகவே ஒரு சிறிய குழு தட்டுகளின் அடுக்குகளுக்கு நடுவில் நின்று பாடுவதைக் காணும்போது, மேடை கிடைக்காதவர்கள் கிடைத்த இடத்தில் பாடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதில்லை. பிறந்த வீட்டுக்கு வந்திருப்பதாகவே தோன்றுகிறது.

மறந்துபோன சரணத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை இதேபோல் ஒரு கடையில் கேட்டேன். தட்டுகள் வைத்திருந்த பெட்டிகளைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ணியிருந்தார்கள். ஒரு பெட்டியின் விளிம்பு என் முதுகில் அழுத்திக்கொண்டிருந்தது. பாடகர் தமது இடது புறங்கையில் ஒவ்வொரு சரணத்தின் முதல் சொல்லையும் பேனாவால் எழுதி வைத்திருந்தார். மூன்றாவது பாட்டுக்குள் வியர்வையில் மை கலைந்து நீலக் கறையாகிவிட்டது. நான்காவது பாட்டில் கிட்டாரின் கம்பி அறுந்தது. பாஸ் கிட்டார் வாசித்த பெண் அதே நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, பாடகர் புதுக் கம்பியை மாட்டி முறுக்கினார். கம்பி சுருதிக்கு ஏறும் ஒலியை அங்கிருந்த அத்தனை பேரும் மூச்சு விடாமல் கேட்டோம். அந்தக் குழுவின் தட்டுகள் எல்லாம் என்னிடம் உள்ளன. அவற்றில் எதுவும் எனக்கு அந்தச் சில நிமிடங்களைக் காட்டியதில்லை. தட்டில் இருப்பது, பிழைகளை எல்லாம் விலக்கிய பின் எஞ்சியது. பல நாள் முயன்று ஒருவர் அடைந்த அந்த நிலையை, அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஏதோ ஒரு சொல்லைப் போட்டு ஒப்பேற்றிக் கடந்திருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை.

கையெழுத்து மேசையில் பேச்சு வராததற்காக வருந்த வேண்டாம். வரிசையில் பின்னால் ஆட்கள் காத்திருக்க, ஆறு ஆண்டுகளை அரை நிமிடத்தில் யாராலும் சொல்லிவிட முடியாது. இத்தகைய சிறிய குழுக்கள் பல, தங்களுக்கு வரும் கடிதங்களைத் தாங்களே படிக்கின்றன. எந்தப் பாட்டின் எந்த வரி உங்களோடு இருந்தது, எப்போது இருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். பொதுவான புகழ்ச்சியைவிட அதுவே அவர்களுக்கு வேண்டியதாக இருக்கும்.

தட்டையும் இன்றே போடுங்கள். அந்தப் பாட்டில் இரண்டாம் சரணம் தொடங்குவதற்குச் சற்று முன், பாடகி மூச்சை உள்ளிழுக்கும் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்