டப்பா சூப்பும் மாமியாரின் மௌனமும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 34. சொந்த ஊர் மதுரை. கணவர் அமெரிக்கர். திருமணமாகி நான்கு ஆண்டுகளாக ஒஹாயோவில் இருக்கிறோம். மாமியாரை இங்கே பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டுமாம். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. பெரும்பாலும் எதுவும் சொல்லி அழைக்காமலேயே சமாளிக்கிறேன்.

நவம்பர் நான்காம் வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி சொல்லும் பண்டிகை அன்று, அவர் வீட்டு மேஜையில் கிரீன் பீன்ஸ் கேஸரோல் இருந்தே ஆக வேண்டும். டப்பா பீன்ஸ், டப்பா காளான் சூப், மேலே டப்பாவில் வரும் பொரித்த வெங்காயம். மூன்றையும் கொட்டி ஓவனில் வைப்பதற்குப் பெயர் சமையலா? மாமனாருக்கு ரத்த அழுத்தம் வேறு.

சென்ற ஆண்டு, அதை நானே செய்து கொண்டுவருவதாகச் சொன்னேன். பிஞ்சு பீன்ஸ் வாங்கி, காளானை வெண்ணெயில் வதக்கி, மாவும் பாலும் சேர்த்துக் காய்ச்சி, வெங்காயத்தை மெலிதாக அரிந்து பொரித்து, மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றேன். போய்ப் பார்த்தால் மேஜையில் அவருடைய கேஸரோலும் இருந்தது! எல்லோரும் அதைத்தான் வழித்துச் சாப்பிட்டார்கள். என் கணவர் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். என்னுடையது ஓரம்கூடக் கலையாமல் வீடு திரும்பியது. மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தீபாவளிக்கு நான் கொடுத்த முறுக்கையும் குலாப் ஜாமூனையும் (மிக்ஸ் பாக்கெட்தான், அம்மா வீட்டிலும் அதுதான் பழக்கம்) ரசித்துச் சாப்பிட்டவர் இவர்தான். வேலை இருக்கிறது என்று சொல்லி இந்த நவம்பரில் போகாமல் இருந்துவிடலாமா?

- வாசகி, ஒஹாயோ

அன்புச் சகோதரிக்கு,

அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்த அந்தப் பாக்கெட்டை வெளியே எடுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளை உங்களுக்கொரு மருமகள் வந்து, பாலைக் கோவாவாகக் கிண்டி, "இதுதான் அசல் ஜாமூன்" என்று தீபாவளியன்று முன்னே வைத்தால்? ருசி கூடுதலாகவே இருக்கும். ஆனால் எண்ணெய்ச் சட்டியருகே உட்கார்ந்து, விரிசல் விழாமல் உருட்ட அம்மா சொல்லிக்கொடுத்த ஜாமூன் அதுவல்லவே.

கேஸரோலின் கதையும் அப்படித்தான். 1955-இல் நியூஜெர்சியின் கேம்டன் நகரில், காம்ப்பெல் சூப் நிறுவனத்தில் பணியாற்றிய டார்கஸ் ரெய்லி, வீட்டு அலமாரியில் எப்போதும் இருக்கும் பொருள்களைக் கொண்டே செய்யும்படி அதை உருவாக்கினார். கைப்பக்குவமாக இருந்த பழைய பண்டத்தை டப்பா வந்து கெடுத்துவிடவில்லை, அசலே டப்பாதான். நீங்கள் செய்தது அதன் நகல், அருமையான நகல். உங்கள் மாமியார் அநேகமாகத் தன் தாயின் மேஜையிலேயே அதைச் சாப்பிட்டு வளர்ந்திருப்பார். உங்கள் தட்டு அவர் காதில் என்ன சொல்லியிருக்கும்? "உன் அம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது."

அதற்காக அவர் செய்ததும் சரியில்லை. நீங்கள் கொண்டுவருவதாகச் சொன்ன பிறகு தனியே ஒன்றைச் செய்து வைப்பது பேசாமல் போடும் சண்டை.

உங்களை அதிகம் உறுத்துவது அவர் மௌனமா, கணவர் போட்டுக்கொண்ட இரண்டாவது கரண்டியா? கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்குக் கரண்டி என்றே படுகிறது. மூன்று மணி நேரம் நீங்கள் நின்றதைப் பார்த்தவர், ஒரு வாயாவது எடுத்திருக்கலாம். இதை அவரிடமே சொல்லுங்கள், அவர் அம்மாவை இழுக்காமல்.

மாமனாரின் உடல்நிலை பற்றிய கவலை நியாயமானது. உப்புக் குறைத்த சூப்பும் கடையில் கிடைக்கிறது. கணவர் வழியாக அதைத் தனியே பேசுங்கள். ருசிச் சண்டைக்கு அவருடைய ரத்த அழுத்தத்தைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

இந்த நவம்பரில் அவசியம் போங்கள். முதல் நாளே போய், டப்பாக்களைத் திறந்து கொடுத்துக்கொண்டே, யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். உங்கள் பங்குக்குப் பீன்ஸ் பருப்பு உசிலி கொண்டுபோகலாம். அதற்கு அந்த மேஜையில் போட்டியே கிடையாது. டப்பா பீன்ஸில் மட்டும் உசிலியை முயலாதீர்கள், குழைந்துவிடும்.