அரண்மனையில் அழுதால் மட்டும் அழகா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். ஒஸ்திரியாவின் பழைய மகாராணி எலிசபெத்தைப் பற்றிய தொடரொன்றைக் கைத்தொலைபேசியில் மூன்றாம் முறையாகப் பார்க்கிறாள். “அழுதாலும் அவவப்போல அரண்மனையில இருந்து அழணும் அம்மா” என்கிறாள். இப்போது இரவில் சாப்பிடுவதில்லை. என் தையல் அளவு நாடாவால் இடுப்பை அளந்து பார்க்கிறாள். தொலைபேசியைப் பறித்து வைக்கவா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் நீண்ட கடிதத்தில் தொடரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, அளவு நாடாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன். இரவுச் சாப்பாட்டை விட்டு எத்தனை நாளாகிறது, எழுந்து நிற்கையில் தலை சுற்றுகிறதா, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா என்பவற்றை ஏசாமல், பக்கத்தில் இருந்து கேளுங்கள். அவளுடைய பதிலில் சிறிது சந்தேகம் வந்தாலும், பெறுபேறு வரட்டும் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொலைபேசியைப் பறிக்க வேண்டாம். பறித்தால் தொடரைத் தோழி வீட்டில் பார்ப்பாள். பட்டினியையும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பாள்.

அந்த மகாராணியின் கதையை நீங்களும் அறிந்துகொள்ளுங்கள், ஏனெனில் உங்கள் வீட்டு நாடா அங்கிருந்துதான் வந்திருக்கிறது. 1853-இல் இளம் பேரரசர் பெண் பார்க்க வந்தது அக்காவை. அவருக்குப் பிடித்துப்போனது 15 வயதுத் தங்கையை. மறு ஆண்டு வியன்னாவில் திருமணம். பிறந்த முதற்குழந்தைக்கு, தாயைக் கேளாமலே மாமியாரின் பெயர் வைக்கப்பட்டது. குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பையும் மாமியாரே எடுத்துக்கொண்டார். அந்த முதற்குழந்தை இரண்டு வயதில் இறந்தது. ஒரே மகன் 1889-இல் வேட்டை மாளிகையொன்றில் பிணமாகக் கிடந்தான். 1898-இல் ஜெனீவா ஏரிக்கரையில், கூராக்கிய அரம் ஒன்றினால் குத்தப்பட்டு எலிசபெத்தும் மாண்டார். அவ்வளவு பெரிய அரண்மனையில் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தது அவருடைய உடம்பு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் அவர் பட்டினி போட்டார், இறுக்கிக் கட்டினார், மணிக்கணக்கில் நடத்தினார். அவருடைய இடுப்பளவும் எடையும் புத்தகங்களில் இருக்கின்றன. உங்கள் மகள் இப்பக்கத்தை வாசிக்கக்கூடும் என்பதால் நான் அவற்றை எழுதப்போவதில்லை. முப்பதுகளுக்குப் பிறகு புகைப்படத்துக்கு நிற்க மறுத்து, வெளியே போனால் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்ட பெண் அவர். இன்று கைத்தொலைபேசிகளில் உலவும் படங்களில் அவர் என்றும் இளமையாகவே இருப்பதன் காரணம் அதுதான்.

1955-இல் வெளிவந்த புகழ்பெற்ற திரைப்படம் இவருடைய கதையைத் திருமணத்தோடு நிறுத்திக்கொண்டது. அதற்குப் பின் நடந்தவை அதற்குத் தேவைப்படவில்லை. இப்போதைய தொடர்கள் துயரத்தை மறைப்பதில்லை. ஆனால் அந்தத் துயரத்துக்குப் பட்டு உடுத்தி, மெழுகுதிரி வெளிச்சத்தில் இருத்தி, பின்னால் வயலின் வாசிக்க வைக்கின்றன. முன்னையதைவிட இதுவே எனக்கு அதிகம் பயமூட்டுகிறது. முன்னையது பொய் என்று வளர்ந்த பிள்ளைக்கு ஒருநாள் விளங்கிவிடும், இதுவோ உண்மையைச் சொல்லிக்கொண்டே அதை ஆசைப்பட வைக்கிறது. நாமும் சளைத்தவர்கள் அல்லர். மும்தாஜ் 1631-இல் புர்கான்பூரில், தமது 14-ஆவது குழந்தையைப் பெற்றெடுக்கையில் இறந்தார். அவருடைய கல்லறையைச் சிறு மின்குமிழ் பூட்டிக் கண்ணாடி அலுமாரியில் வைத்துக் காதல் சின்னம் என்கிறோம்.

இவ்வளவு தூரம் போகாமலே சொல்லக்கூடிய கதை ஒன்று நம்மூர்க் கரையைத் தொட்டுச் செல்கிறது. கண்டி அரசன் ஒருவன் நாடிழந்து ஓடி இறந்தபோது விட்டுச்சென்ற பெண்குழந்தை குசுமாசன தேவி. போர்த்துக்கேயர் அவரை மன்னாரில் வளர்த்து, ஞானஸ்நானம் கொடுத்து, தோன கதரீனா என்று பெயரிட்டனர். 1594-இல் கண்டிக்குக் கொண்டுபோய் அரியணையில் இருத்தினர். அதே ஆண்டு தந்துறையில் அவர்களுடைய படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவரைப் பிடித்து மணந்துகொண்டான், அரச உரிமை அந்தப் பதின்வயதுப் பெண்ணின் இரத்தத்தில் இருந்ததனால். 1604-இல் அவன் இறந்ததும், அடுத்து அரசனான செனரத்தும் அவரையே மணந்தான். 1613-இல் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. இதற்கிடையில் 1602-இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டிக்குப் போனார். ஒல்லாந்தர் கோட்டை கட்ட விரும்பினால் நானும் அரசியும் பிள்ளைகளும் தோளிலே கல் சுமப்போம் என்று அரசன் அவரிடம் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. அரசி என்ன நினைத்தார் என்பதற்குக் குறிப்பு இல்லை. இவரையும் இன்று ஒருவர் படமாக்கினால், பிடித்துக்கொண்டு போனது ‘முதற்சந்திப்பு’ ஆகிவிடும். பின்னணியில் புல்லாங்குழல் கேட்கும்.

உங்கள் மகளிடம் அறிவுரையாக எதையும் சொல்ல வேண்டாம். நாலாம் முறை பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள். “இந்தக் கலியாணத்தை ஆர் முடிவெடுத்தது? அந்தப் பிள்ளைக்கு அப்ப என்ன வயசு? பெத்த பிள்ளையைத் தூக்க ஆரிட்டக் கேக்கணும்?” என்று, தெரியாதவரைப்போல ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டை எழுதிக்கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்கிறோம். அந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் தகப்பனும் அண்ணன்மாரும் படுகின்ற கடன் வேறு கதை. ஆயினும் பிள்ளை பெற்றவள் தன் தாயின் அடுப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அந்தப் பேரரசிக்கு வாய்க்காத வசதி அது. இந்த வித்தியாசத்தை அவளாகவே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்த முறை மட்டக்களப்புக்கு வருகையில், நெடுங்காலம் கச்சேரி இயங்கிய கோட்டைக்கு அவளைக் கூட்டிப்போங்கள். போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டையை 1638-இல் ஒல்லாந்தரோடு சேர்ந்து கைப்பற்றிய இரண்டாம் இராசசிங்கன், தோன கதரீனாவின் மகன். பீரங்கிகளையும் வாவியையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் எங்காவது இருந்து இருவரும் ஒன்றாகச் சாப்பிடுங்கள். அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்பதைக் கவனிக்க மறக்காதீர்கள். அடுத்த கடிதத்தில் முதலில் அதையே எழுதுங்கள்.