போர்வெல் பில் பேசியதைவிட எகிறினால்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர், தக்காளி வைக்கிறோம். போர் போட ஏஜென்ட் ஒருவர் அடிக்கு 85 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் சொன்னார். 620 அடி ஓட்டினார்கள். 52,700 ஆகும் என்று இருந்தேன். விடிகாலையில் 91,000 ரூபாய்க்கு ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார்கள். 60,000 கொடுத்துவிட்டேன். மீதியைக் கேட்டு ஏஜென்ட் தினமும் போன் செய்கிறார். கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முழுதாகக் கட்ட வேண்டாம். ஒரு பைசா தர மாட்டேன் என்றும் நிற்க முடியாது. நீங்கள் அனுப்பிய சீட்டில் 52,700-க்கு மேல் மூன்று கணக்கு ஒன்றாகக் கலந்திருக்கிறது.

முதலாவது கேசிங் பைப், 60 அடிக்கு 24,000. மண் சரியாமல் இருக்கப் பாறை வரும்வரை பைப் இறக்கித்தான் ஆக வேண்டும், அடி ரேட்டில் அது சேராது. எத்தனை பைப் இறங்கியது என்று பார்த்தவர்களைக் கேளுங்கள், ஊர் பைப் கடையில் விலையை விசாரியுங்கள். சரியாக இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, 300 அடிக்கு மேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் ரேட்டை ஏற்றி 7,600 சேர்த்திருக்கிறார்கள். இப்படி ஏற்றுவது போர் தொழிலில் வழக்கம்தான். ஆனால் ஓட்டுவதற்கு முன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது, வண்டி வாடகை, பேட்டா என்று 6,700. இதுவும் முன்கூட்டிச் சொல்லாதது. கேட்கும் மீதி 31,000-ல் இந்த 14,300-ஐத்தான் மறுக்கிறீர்கள், கட்ட வேண்டிய பாக்கி 16,700. பேசிய விலைக்கு மேல் வாங்குவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியே புகாருக்கு உரிய விஷயம். முறையான ரசீது தராததும் அப்படித்தான்.

அந்த 16,700-ஐ ஏஜென்ட் கையில் கொடுத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் பல ஏஜென்டால் வருவதுதான். அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவருக்கு ஆழம் போகப் போக லாபம். உங்களிடம் ஒரு ரேட், போர் வண்டி ஓனரிடம் வேறு ரேட். பிரச்சினை வந்தால் ஓனர் "நான் அப்படிப் பேசவே இல்லையே" என்பார், ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். சில ஊர்களில் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரே ஏஜென்டாகவும் இருக்கிறார். அவர் காட்டிய இடத்தில் எத்தனை அடி ஓட்டினால் அவருக்கு நல்லது என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் வண்டி ஓனர் பெயரில் பில் கேளுங்கள், பணத்தை அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். ஆழத்தையும் சரிபாருங்கள். துளை போட ஒன்றோடொன்று மாட்டி இறக்கும் ராடு பெரும்பாலும் 20 அடி. 620 அடிக்கு 31 ராடு இறங்கியிருக்க வேண்டும். யாராவது எண்ணியிருந்தால் நல்லது. இல்லையென்றால் மோட்டார் இறக்கும் முன் கல் கட்டிய கயிறு விட்டு அளந்துவிடுங்கள்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, ஓனருக்கும் ஏஜென்டுக்கும் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். மிரட்டினால் தவிர போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். அங்கே ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்து அனுப்புவார்கள்.

தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஓனர் திருச்செங்கோடு போல வேறு மாவட்டத்துக்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

எதிர்த்தரப்பு ஒன்றை நிச்சயம் கிளப்பும்: "தக்காளி விற்பது வியாபாரம், இவர் நுகர்வோரே இல்லை." பயப்படாதீர்கள். வியாபார நோக்கத்துக்கு வாங்கிய சேவையைச் சட்டம் விலக்குகிறது, உண்மை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்வதை அதே சட்டம் விலக்கவில்லை. விதை வாங்கிய விவசாயிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-லேயே விவசாயி நுகர்வோர்தான் என்று சொல்லிவிட்டது. காய் பறிக்க நாலு ஆள் கூப்பிட்டதாலோ மண்டியில் விற்றதாலோ நீங்கள் வியாபாரி ஆகிவிட மாட்டீர்கள். நிலமும் பயிரும் உங்களுடையது என்று காட்டும் சிட்டா, அடங்கல் நகலை மனுவோடு வையுங்கள்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள், வாய்தா வாய்தாவாகப் போகும். எதிர்த்தரப்பு வராத வாய்தாவுக்கும் நீங்கள் போய் நிற்க வேண்டும். 14,300-க்கு இவ்வளவு அலைச்சலா என்றால், பணம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. 16,700-ஐ மட்டும் கட்டிவிட்டுச் சும்மா இருங்கள், வேண்டுமானால் அவர்கள் வழக்குப் போடட்டும்.