கோடையில் முட்டை குறைவதும் ஓடு மெலிவதும்

கேள்வி: தாராபுரம் அருகே தோட்டத்தில் 40 கிராமப்பிரியா கோழிகள் வைத்திருக்கிறேன், வயது பத்து மாதம். மாசி வரை நாளுக்கு 25 முட்டைகளுக்குக் குறையாமல் கிடைத்தன. சித்திரை பிறந்ததிலிருந்து 13, 14தான் கிடைக்கின்றன. அவற்றிலும் சில தோல்முட்டைகள். குருணை, தவிடு, சோளம் போடுகிறேன். இரண்டு மணி நேரம் மேயவிட்டு, மற்ற நேரம் தகரக் கொட்டகையில் அடைக்கிறேன். என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: தாங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதில் மருந்துக்கு வேலை இல்லை; தீவனத்தையும் கொட்டகையையும் முதலில் சரிசெய்ய வேண்டும். கோழி தான் தின்பதில் உடலுக்கு வேண்டியது போக மிஞ்சுவதைக் கொண்டுதான் முட்டையிடும். குருணை, தவிடு, சோளம் மூன்றும் வயிற்றை நிரப்பும். ஆனால் முட்டைக் கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் இருக்க வேண்டிய புரதம் அவற்றில் இல்லை.

சுண்ணாம்புச் சத்தின் நிலை இதைவிட மோசம். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் தேவைப்படும்போது, தங்கள் கோழி நாள் முழுவதும் தின்னும் தானியத்தில் கால் கிராம்கூடக் கிடைக்காது. மேய்ச்சலில் கிடைப்பதும் போதாததால், அது தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டுகிறது. அங்கும் குறைந்தபின் தோல்முட்டை விழுகிறது. ஆகவே 100 கிலோ தீவனத்துக்கு உடைத்த மக்காச்சோளம் 50, சோயா புண்ணாக்கு 22, தவிடு 13, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 5, கிளிஞ்சல் 8, தாது உப்புக் கலவை 2 கிலோ என்று கலந்து, கோழி ஒன்றுக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை கொடுங்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை, விலை குறைவு என்பதற்காக ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலுள்ள நச்சு ஈரலைக் கெடுக்கும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. எனவே மாலையில் தனிச் சட்டியிலும் கொஞ்சம் கிளிஞ்சல் வையுங்கள், தேவைப்பட்ட கோழி தானே கொத்திக்கொள்ளும்.

அடுத்தது வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கும். அப்படி இளைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறுவதால், கால்சியம் போதுமான அளவு இருந்தாலும் ஓடு மெலியும். தீவனம் எடுப்பதும் குறையும். நண்பகலில் கொட்டகைக்குள் பத்து நிமிடம் நின்று பாருங்கள், தங்களுக்கே மூச்சு முட்டும். தகரத்தின் மேல் தென்னங்கீற்றைக் கனமாகப் பரப்பி, பக்கங்களில் தகரம் அடித்திருந்தால் அதை எடுத்துவிட்டு வலை கட்டுங்கள். கோடையில் ஒரு கோழி அரை லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். மண்சட்டியை நிழலில் வைத்து, பகலில் மூன்று முறையாவது தண்ணீரை மாற்றுங்கள்.

முட்டையிடத் தூண்டுவதில் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. விடியற்காலை 4 மணிக்கு விளக்குப் போட்டால் பகல் நீள்வதோடு, குளிர்ந்த வேளையில் வயிறாரத் தின்னவும் செய்யும். தொடங்கியபின் இடையில் நிறுத்தாதீர்கள்.

எந்தக் கோழி இடுகிறது என்பதைக் கையாலேயே அறியலாம். ஆசனவாயின் இருபுறமும் உள்ள கூரிய எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழைந்தால் அது இடுகின்ற கோழி. ஒரு விரல் மட்டுமே நுழைந்து, கொண்டையும் வெளிறியிருந்தால் இடுவதை நிறுத்திவிட்டது. இந்த மாற்றங்களைச் செய்து மூன்று வாரம் கழித்து மறுபடி தடவிப் பாருங்கள். இடையில் பச்சைக் கழிச்சலோ கழுத்துத் திருகலோ தென்பட்டால், அது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாக இருக்கக்கூடும் என்பதால், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.