கால் மணி நேரத்தில் நின்றுவிடும் டீசல் இன்ஜின்: பம்பைக் கழற்றும் முன்

கேள்வி: வாய்க்காலிலிருந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க 5 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக, கிளப்பியதும் நன்றாக ஓடிவிட்டுக் கால் மணி நேரத்தில் வேகம் குறைந்து நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டுச் சுற்றினால் மறுபடி கிளம்புகிறது. டீசல் பம்பைக் கழற்றி சர்வீசுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். டேங்க் மூடி உடைந்துவிட்டதால், மழைநீர் இறங்காமலிருக்கப் பாலித்தீன் தாளை வாயில் இறுகக் கட்டியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: டீசலை அழுத்திச் சிலிண்டருக்கு அனுப்பும் அந்த டீசல் பம்பில் இப்போது கை வைக்க வேண்டாம். பத்து நிமிட ஓய்வுக்குப் பிறகு இன்ஜின் கிளம்பி நன்றாக ஓடுகிறது என்றால், சிலிண்டரின் அழுத்தமும் பம்பும், டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் நாசிலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது டீசல் போதிய அளவில் வந்து சேரவில்லை என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். தங்கள் கடிதத்தின் கடைசி வரியில் சொல்லியிருக்கும் பாலித்தீன் தாளே காரணமாக இருக்கக்கூடும்.

இவ்வகை இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். டேங்கில் டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும் என்பதற்காகத்தான் மூடியில் ஊசித்துளை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளை அடைபட்டாலோ, தங்களைப் போல் வாயை இறுகக் கட்டினாலோ, உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் கீழே இறங்க மறுக்கிறது. நின்ற பிறகு எங்கேனும் கசிந்து காற்று உள்ளே போனதும் மறுபடி இறங்குகிறது. இன்ஜின் திணறும் வேளையில் அந்தத் தாள் உள்நோக்கிக் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தாளை அவிழ்த்துவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால், துளையுள்ள புதிய மூடி ஒன்று வாங்கிப் போடுவதோடு வேலை முடிந்தது.

அப்படியும் நின்றால், பில்டருக்கு வரும் டியூபைக் கழற்றி, டீசலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். தாரை தடையின்றி விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் டேங்கின் அடியில் கசடு அடைத்திருக்கிறது. புட்டியைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாகத் தங்கும். மூடி உடைந்த நாளில் மழை பெய்ததா என்பது தங்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் கண்டால் டேங்க் முழுவதையும் வடித்துத் துடைத்து, பில்டரையும் மாற்ற வேண்டும். டியூபைக் கழற்றினால் வழியில் காற்று புகுந்துவிடும் என்பதால், மாட்டிய பிறகு முதலில் பில்டரிலும் அடுத்துப் பம்பிலும் உள்ள ஏர் ஸ்குரூவை (காற்றை வெளியேற்றும் திருகை) தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்குங்கள். இதற்குப் பிறகும் அடிக்கடி ஏர் பிடித்தால் டியூபில் வெடிப்போ, தேய்ந்த வாஷரோ இருக்கும்.

டீசல் வரத்து சரியாக இருந்தும் நிற்குமானால், சூட்டினால் பிஸ்டன் இறுகுகிறதா என்று அறிய வேண்டும். நின்ற உடனேயே, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலால் சுற்றிப் பாருங்கள். எளிதாகச் சுற்றினால் அந்தக் கவலை இல்லை. கடினமாக இருந்தால் மேலும் ஓட்டாமல், எண்ணெய் அளவையும் குளிர்விக்கும் தண்ணீரின் வரத்தையும் பாருங்கள். நிற்பதற்கு முன் கரும்புகை கக்கினால் ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், அல்லது பாரம் மிகுதியாக இருக்கலாம்.

டீசல் பம்பை மட்டும் வயலோரத்தில் பிரிக்க அனுமதிக்காதீர்கள். அதன் உள்ளே டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும், அது ஓடும் குழலான பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான்; ஒரு மணல் துகள் போதும், நன்றாயிருந்த பம்பும் கெட்டுவிடும். மேற்சொன்னவை அனைத்தும் சரியாயிருந்து, அதன் பிறகும் இன்ஜின் நின்றால் மட்டும், சோதனை மேசை உள்ள பட்டறைக்குப் பம்பையும் நாசிலையும் சேர்த்தே கொண்டு செல்லுங்கள்.