குலுக்கல் போட்டே விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தோம், அப்புறம் உணர்திறன் பகுப்பாய்வு (விடுபட்ட காரணங்களால் முடிவு எவ்வளவு ஆட்டம் காணும் என்ற சோதனை) எதற்கு என்று கேட்கிறீர்கள்.
தஞ்சாவூர்ப் பக்கம் திருந்திய நெல் சாகுபடிப் பயிற்சியால் விளைச்சல் கூடியது. அது ஒற்றை நாற்று நடவு வழியாகத்தானா என்பது உங்கள் ஆய்வின் கேள்வி.

நீங்கள் குலுக்கியது பயிற்சியை மட்டும். எத்தனை மா நிலத்தில் ஒற்றை நாற்று நடுவது என்ற இடைமாறி, அதாவது பயிற்சிக்கும் விளைச்சலுக்கும் நடுவில் நிற்கும் காரணி, அவரவர் முடிவு. சொந்த பம்புசெட் உள்ளவர் மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருக்க மாட்டார்; துணிந்து நடுவார், மகசூலும் கூடுதலாக எடுப்பார். பம்புசெட்டைக் கேட்காமல் விட்டால் அதன் பலனும் நடவின் கணக்கில் ஏறிவிடும். கேட்டாலும், மண், ஆள் வசதி என்று ஏதாவது விடுபடும்.

இமாய், கீல், யமமோட்டோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2010-இல் ஒரு வழி சொன்னார்கள். நடவுக்கான சமன்பாட்டின் பிழைக்கும் (அது விளக்காமல் விட்ட மிச்சம்) விளைச்சல் சமன்பாட்டின் பிழைக்கும் உள்ள ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, ரோ. வழக்கமான கணக்கு அதைச் சத்தமில்லாமல் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. தரவிலிருந்து ரோவைக் கணிக்க முடியாது. அதனால் வெவ்வேறு மதிப்புகளை நாமே போட்டு, மறைமுக விளைவு (நடவு வழியாகப் பயிற்சி தந்த பலன்) எங்கே பூஜ்யமாகிறது என்று பார்க்கிறோம்; இதுதான் உணர்திறன் பகுப்பாய்வு. 0.1-லேயே விழுந்தால் நான் நம்ப மாட்டேன். 0.6 வரை தாங்கினால், சரி, தெம்பாக எழுதலாம். 0.3 என்றால்? எந்தச் சூத்திரமும் எல்லை சொல்லாது. வயலை அறிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் மீடியேஷன் (mediation) தொகுப்பின் மெட்சென்ஸ் (medsens) கட்டளை இதைச் செய்யும்.